ஆற்றுக்கு நான்கு சென்டிமீட்டர்

அப்பாவின் தாடையைத் தூக்கிக் கட்ட ஒரு வெள்ளைத் துணி தேடிச் சங்கமித்ரா பீரோவைக் குடைந்துகொண்டிருந்தபோது, கீழே தண்ணீர் டேங்கர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மணி ஆறேகால். "நைனா, டேங்கர் வந்துடுச்சு" என்று பழக்கத்தில் வாய்வரை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் கோவிந்தப்பா வாயை லேசாகத் திறந்தபடி கிடந்தார். உயிர் போய் முக்கால் மணிநேரம்கூட ஆகவில்லை.

நேற்றுகூட எட்டு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கிப் போனவர்தான். விடிகாலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நரேஷ் ஆம்புலன்ஸுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தபோது, இழுத்த மூச்சை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். சங்கமித்ராவுக்கு அது பழகின விஷயம். தண்ணீரில் கோலை இறக்கினால் அலை அடங்கி அளவு தெரிகிறவரைக்கும் அவர் மூச்சு விடமாட்டார். எழுபத்தோரு வயசிலும் அப்படித்தான். இதோ விடுவார், இதோ விடுவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நரேஷ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் அழுகை வந்தது.

"இந்த வேட்டியையே கிழிச்சிக்கலாம் மித்ரா," என்றான் நரேஷ். அவள் புருஷன். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தான். இருவருமாகத் தாடையைக் கட்டினார்கள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள்.

"மர்ஃபி டவுன்லேர்ந்து அத்தைங்க கெளம்பிட்டாங்க. கோலார்லேர்ந்து ஒரு வேன் வருதாம்."

"மொத்தம் எத்தினி பேரு?"

"நாப்பது வச்சிக்கோ."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே முக்கால் கேன் தண்ணீர் இருந்தது. சாவு வீட்டில் அழுது முடிப்பதற்குள் தண்ணீர்க் கவலை வந்து குறுக்கே நிற்கிறதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பெங்களூர் ஓரத்துச் சந்தாபுராவில் இருபத்துநான்கு வீடுகள் கொண்ட நாலு மாடிக் கட்டடம் அது. காவிரிக் குழாய் இந்தத் தெருவை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. ஆயிரத்து இருநூறு அடி போர்வெல் ஒன்றுதான் கதி. போன வருஷம் ஜூனில் வரவேண்டிய மழை செப்டம்பரில் வந்தது. மூன்று மாச மழையை இரண்டே நாளில் கொட்டிவிட்டுச் சாக்கடையோடு போய்விட்டது. பிப்ரவரியில் போர்வெல் செம்மண் தூளைக் கக்கிவிட்டு நின்றது. அப்புறம் நாளுக்கு ஒரு டேங்கர். அதற்கு மேல் கேட்டால் லாரிக்காரன் கையை விரிக்கிறான். மேல்தொட்டிக்கு ஏற்றினால் கீழ்வீட்டுக் குழாய்களே எல்லாவற்றையும் குடித்துவிடுகின்றன என்று அந்த வழியை அடைத்தார்கள். தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து ஆளுக்கு ஆள் இருபது லிட்டர் கேனில் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. முதல் வாரம் நடந்த சண்டையில் ஒருத்தருக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

அப்போதுதான் கோவிந்தப்பா தன் கோலை எடுத்தார்.

முப்பத்தொரு வருஷம் ஆற்றில் அளவு பார்த்தவர் அவர். ஒகேனக்கலுக்கு மேலே, காவிரி ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குள் நுழைகிற பக்கம் வேலை. கரையில் நட்ட அளவுகோலைப் பார்த்து, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று மணிக்கு ஒருதரம் எழுதி அனுப்ப வேண்டும். மழை ஏமாற்றின வருஷங்களில் அந்த ஒற்றை எண்ணுக்காக இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். "தமிழன்தானே, கொறைச்சுத்தான் போடுவான்" என்று இந்தப் பக்கம் பேசுவார்கள். "பெங்களூர்க்காரன்தானே, கூட்டித்தான் போடுவான்" என்று அந்தப் பக்கம் பேசுவார்கள். இரண்டு பேருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "வந்து பாத்துக்கோங்க சார். கோல் அங்கியேதான் நிக்குது."

இங்கே திரைச்சீலை மாட்ட வாங்கின அலுமினியக் குழாயில் கோடு போட்டுக் கோல் செய்தார். சம்ப்பின் நீள அகலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று கேன் என்று கண்டுபிடித்தார். தினமும் காலை எட்டு மணிக்குக் கோலை இறக்குவார். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கரும்பலகையில் இரண்டே எண் எழுதுவார். மேலே கோல் சொன்னது, கீழே வீட்டுக்கு எத்தனை கேன். ஆளுக்கு ஒரு பாஷை பேசுகிற கட்டடத்தில் எழுத்தே வேண்டாம், எண் போதும் என்பது அவர் கட்சி. இரவு எட்டு மணிக்கு அசோசியேஷன் செகரட்டரி அனந்தபத்மநாபன் வந்து ஈரத்துணியால் பலகையைத் துடைப்பார். மறுநாள் மறுபடி எட்டு மணி. கோல் வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. குறைவாக வந்தாலும் எல்லாருக்கும் ஒரே குறைவு என்று ஆனதும் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு பிடித்துப் போனார்கள்.

வாசலில் யாரோ இருமினார்கள். முத்தம்மா. கட்டடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். இடுப்பில் ஒரு கேன் தண்ணீர். இறக்கி வைத்துவிட்டு மறுபடி இறங்கிப் போய் இன்னொன்றைத் தூக்கி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தாத்தாவக் குளிப்பாட்டுங்கக்கா."

"ஏது முத்தம்மா இது?"

"இருந்துச்சு."

"உங்களுக்கு ஏது தண்ணி?"

"இருந்துச்சுன்னா வுடேன்க்கா. மொதல்ல ஊத்துங்க, ஜனம் வந்துடும்."

காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் ஆறு தகர ஷெட்டுகள் இருந்தன. ஒன்றில் முத்தம்மா, மற்ற ஐந்தில் ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள். போர்வெல் ஓடின காலத்தில் வெளிக்குழாயில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது அவர்களுக்குப் பங்கு கிடையாது. பிறகு இந்த இரண்டு கேன் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிற நேரமும் அது இல்லை.

நரேஷும் எதிர்வீட்டு ஆளும் கோவிந்தப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். சங்கமித்ரா செம்பால் ஊற்றினாள். நரை மண்டிய மார்பில் தண்ணீர் வழிந்தது. பாதிக் குளியலில்தான் கவனித்தாள். கழுவின தண்ணீரைக் கக்கூஸுக்கு ஊற்றச் சேர்த்து வைக்கிற பிளாஸ்டிக் டப்பை, பழக்கத்தில் நாற்காலிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அது பாதி நிரம்பியிருந்தது.

"ஐயோ, நான் என்ன ஜென்மம்," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"வுடு மித்ரா," என்றான் நரேஷ். "மாமா இருந்தா அவரே வச்சிருப்பாரு."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அந்தத் தண்ணீரை முத்தம்மா எடுத்துப்போய்ச் சுவரோரத்துப் புங்க மரத்தடியில் ஊற்றினாள்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டு ஹாலில் கிடத்தினார்கள். சுவரில் புத்தர் படம். அதற்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள். தினமும் ஏழரைக்கு அவர் இதே இடத்தில் நின்று ஐந்து சீலங்களையும் தமிழில் சொல்வார். உயிரைக் கொல்லாமல் இருப்பேன், கொடுக்காததை எடுக்காமல் இருப்பேன் என்று தொடங்குவார். குரல் கணீரென்று இருக்கும். கொஞ்ச நாளாகத்தான் நடுவில் ஓர் இடத்தில் நின்று, சும்மா இருந்துவிட்டு, அப்புறம் தொடர்ந்தார். மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்தாள். டாக்டரிடம்கூடச் சொன்னாள்.

ஏழரைக்கு அனந்தபத்மநாபன் வந்தார். முதல் மாடி. தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றுக்கும் ரூல் பேசுகிறவர். காலடியில் மாலையை வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றவருக்குத் தோள் குலுங்கியது. சங்கமித்ரா இதை எதிர்பார்க்கவில்லை.

"இந்த பில்டிங்ல ஒருத்தர ஒருத்தர் நம்ப மாட்டாங்கம்மா. என்னையே நம்ப மாட்டாங்க. அவர் கோல் சொன்னா மட்டும் மறுபேச்சு கெடையாது. பொய்ங்கறதே தெரியாத மனுஷன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்ததற்கே வெட்கப்பட்டவர் போலக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கீழ எல்லாரும் கேன வச்சிட்டு நிக்கறாங்க. கேக்க வாய் வரல. இன்னிக்கு மட்டும் நான் கோல் எறக்கட்டுமா?"

"வேணாம் சார். நானே பாக்கறேன்."

கதவுக்குப் பின்னால் சாய்த்திருந்த கோலை எடுத்தாள். அப்பாவின் தலையணைக்கு அடியிலிருந்த நோட்டையும் எடுத்தாள். நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. அதை அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

சம்ப் மூடியைத் திறந்து மண்டியிட்டாள். டேங்கர் கொட்டிவிட்டுப் போன தண்ணீர் இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கோலை இறக்கினாள். அவளுக்குப் பத்து வயசில் அப்பா ஆற்றங்கரையில் சொல்லிக்கொடுத்தது. "அவசரப்படாத. அலை மேல போறப்ப ஒரு நம்பர் காட்டும், கீழ எறங்கறப்ப ஒண்ணு காட்டும். ரெண்டும் பொய். மூச்சப் புடி, அது அடங்கட்டும்." மூச்சைப் பிடித்தாள். தண்ணீர் நின்றது. எண்பத்துநாலு.

எண்பத்துநாலு என்றால் இருநூற்று ஐம்பத்திரண்டு கேன். வீட்டுக்குப் பத்தரை. கம்பெனியில் நாள் முழுக்க அளவு சரிபார்க்கிற வேலைதான் அவளுக்கு. மனசில் கணக்கு தானாக ஓடியது. பரவாயில்லை, நாற்பது பேர் வருகிற நாளில் நேற்றைவிட ஒன்றரை கேன் கூடுதல் என்று நினைத்துக்கொண்டே எழுதுவதற்காக நோட்டைப் பிரித்தாள்.

அப்பாவின் மணிமணியான கையெழுத்து. நேற்றைய தேதி, காலை எட்டு மணி. அதற்கு நேரே மூன்று கட்டங்கள். கோல் 76. ஆற்றுக்கு 4. பலகை 72.

நேற்றுப் பலகையில் எழுபத்திரண்டுதான் எழுதியிருந்தது. வீட்டுக்கு ஒன்பது கேன். அவளே பிடித்தாள். முந்தின நாளைப் பார்த்தாள். அங்கேயும் ஆற்றுக்கு நான்கு. அதற்கும் முந்தின நாள் நான்கு. மார்ச் மாதம்வரைக்கும் ஒரு நாள் விடாமல் நாலு நாலாகக் குறைந்திருந்தது. எண்ணினாள். நாற்பத்துமூன்று நாள்.

மண்டியிட்டபடியே இருந்தாள். அவர் கை பொய் எழுதாது என்று சற்று முன்னால்தான் ஒருத்தர் அழுதுவிட்டுப் போனார். இந்தச் சந்தாபுராவில் எந்த ஆறு ஓடுகிறது?

துடைப்பத்தோடு நின்றிருந்த முத்தம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். நோட்டைக் காட்டினாள். முத்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நோட்டைத் தெரிந்திருந்தது.

"தாத்தா யார்கிட்டயும் சொல்லாதன்னாருக்கா."

"என்கிட்டயுமா?"

முத்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு எல்லாரும் தூங்கறப்போ தாத்தா இந்தச் சேரப் போட்டு ஒக்காருவாரு. 'ஆத்துப் பங்கு நிக்குது, எடுத்துக்கோ'ம்பாரு. அடியில நிக்கறத வாளி வுட்டு மொண்டுக்குவோம். ஷெட்டுக்கு ரெண்டு கேன். பன்னெண்டு ஆனதும் மூடிய மூடிட்டுப் போயிடுவாரு." அண்ணாந்து வீட்டைப் பார்த்தாள். "காலைல குடுத்தது நேத்து பங்குதான்க்கா. ஆறு ஷெட்டும் ஆளுக்கு அஞ்சாறு செம்பு போட்டாங்க. இன்னிக்கு எங்களுக்கு பேடாக்கா, வேணாம். சாவு வீடு. நீங்க முழுசா எழுதிக்கோங்க."

மார்ச் மாத மீட்டிங் நினைவுக்கு வந்தது. கோவிந்தப்பா எழுந்து நின்று, "ஆறு ஷெட்டு. ஷெட்டுக்கு ரெண்டு கேன். நமக்கு வீட்டுக்கு அரை கேன் கொறையும், அவ்ளோதான்" என்றார். மூன்றாம் மாடி சிந்தியா பாதி அழுகையோடு சொன்னாள், "அங்கிள், என் மாமியார் படுத்த படுக்கை. நாளைக்கு மூணு தடவ தொடைக்கணும். அந்த அரை கேன நான் எங்க போயித் தேடறது?" மெயின்டெனன்ஸ் கட்டுகிறவர்களுக்கே இல்லாதபோது என்ன செய்வது என்று அனந்தபத்மநாபன் ரூல் பேசினார். ஒப்புக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். கோவிந்தப்பாவின் கை ஒன்றுதான் உயர்ந்தது. சங்கமித்ராவின் கை மடியிலேயே இருந்தது.

அதோடு விட்டாளா? வீட்டுக்கு வந்து, "நமக்கே பத்தல, உனக்கு எதுக்கு நைனா ஊர் வம்பு" என்று வேறு கேட்டாள். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நோட்டில் ஆற்றுக்கு நான்கு என்று எழுத ஆரம்பித்தது மறுநாள் காலையில்தான்.

ஆறு எது என்றும் அவளுக்கு இப்போது தெரிந்தது. அதே பத்து வயசில், ஆற்றங்கரையில், தண்ணீரை யார் யாருக்குப் பிரிப்பார்கள் என்று கேட்டிருந்தாள். இந்தப் பக்கத்துக்கு இவ்வளவு, அந்தப் பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தவர், "அப்புறம் ஆத்துக்கு கொஞ்சம்" என்றார். "ஆத்துத் தண்ணி ஆத்துக்கே எதுக்கு நைனா?" என்று அவள் சிரித்தாள். "மீனு இருக்கு, கரையில மரம் இருக்கு, மாடு வந்து குடிக்குது. அதுங்க யாரும் மீட்டிங்குக்கு வந்து கேக்காதும்மா. அதனால பிரிக்கறவன்தான் ஞாபகம் வச்சிக்கணும்."

திடீரென்று இன்னொன்றும் விளங்கியது. தினமும் காலையில் சீலம் சொல்லும்போது அவர் நின்ற அந்த இடம். மூன்றாவது சீலம் முடிந்து, ஒரு மௌனம், பிறகு நேரே ஐந்தாவது. நான்காவது, பொய் சொல்லாமல் இருப்பேன். அதை அவர் நாற்பத்துமூன்று நாளாகச் சொல்லவில்லை. கீழே போய்ப் பலகையில் பொய் எழுதப்போகிற வாயால் அதைச் சொல்ல மனசு வராமல், வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறார். மூச்சுத் திணறல் என்று மகள் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அதையும் பேசாமல் விழுங்கினார்.

"நைனா, நைனா," என்று சம்ப் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காக அழுகிறாள் என்று கேனோடு நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எண்பத்துநாலு என்று எழுதினால் ஆறு ஷெட்டும் காயும். எண்பது என்று எழுதினால் ஒருத்தருக்கும் தெரியாது, அப்பாவின் நல்ல பெயரும் அப்படியே இருக்கும். நாளைக்கும் எண்பதே எழுதலாம். ஆனால் தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் அவளும் ஒரு சீலத்தை விழுங்க வேண்டும். உள்ளதைச் சொன்னாலோ, மேலே படுத்திருக்கிற மனுஷனை இன்றைக்கே பொய்யன் என்பார்கள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்தாள்.

84 என்று எழுதினாள். அதற்குக் கீழே −4 என்று எழுதினாள். கோடு போட்டு 80. அதற்கும் கீழே 10.

முதலில் யாருக்கும் புரியவில்லை. தரைத்தளத்து விக்கிதான் கேட்டான். "என்னக்கா அது, மைனஸ் நாலு?"

"ஷெட்டுங்களுக்கு. பன்னெண்டு கேன்."

"எப்பலேர்ந்து?"

"மார்ச்லேர்ந்து. நைனா தெனமும் நாலு கொறைச்சுத்தான் எழுதியிருக்காரு."

"அப்ப அங்கிள் கோலே பொய்யா?"

"கோல் பொய் சொல்லல விக்கி. பலகைதான் சொல்லிச்சு." நோட்டை அனந்தபத்மநாபனிடம் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். சிந்தியா தன் கேன்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கம் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா அவர்," என்றார் அனந்தபத்மநாபன். கோபத்தைவிட அடிபட்ட குரல்தான் அதிகம் கேட்டது.

"சொன்னாரே சார். மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னாரு. நானும்தான் கை தூக்கல."

அவர் நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார். படியேறிப் போனார். அவர் வீட்டுக் கேன்களைப் பிடிக்க அவர் மனைவிதான் வந்தார். சிந்தியா பத்துக் கேன் பிடித்தாள், எண்ணிப் பார்த்தாள், சங்கமித்ராவின் முகத்தைப் பார்க்காமல் லிஃப்டில் ஏறினாள். "ஏமாத்துதான் இது, என்ன சொல்லு" என்று வரிசையில் யாரோ மெல்லச் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஆனாலும் பதினோராவது கேனை யாரும் பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு ஐஸ் பெட்டி வந்தது. மர்ஃபி டவுன் அத்தைகள் வந்தார்கள், கோலார் வேன் வந்தது. எல்லாரும் வெள்ளை உடுத்தி, சுவரோரம் உட்கார்ந்து, அவர் வாங்கிய டிரான்ஸ்பர்களைப் பற்றிப் பேசினார்கள். கட்டடத்து ஜனங்களில் பாதிப்பேர்தான் வந்தார்கள். வந்தவர்களும் கும்பிட்டுவிட்டு உடனே போனார்கள். நேற்று செத்திருந்தால் படிக்கட்டில் இடம் இருந்திருக்காது என்று சங்கமித்ராவுக்குத் தோன்றியது. நாற்பத்துமூன்று நாள் அவர் மூடி வைத்ததை ஒரே நிமிஷத்தில் திறந்து போட்டு, செத்த மனுஷனை நடுவீதியில் நிறுத்திவிட்டோமா என்று மனசு குமைந்தது.

"தப்பு பண்ணிட்டேனா நரேஷ்?"

"தெரியல மித்ரா," என்றான் அவன். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கா இருந்தா எண்பதுன்னு எழுதிட்டு வந்திருப்பேன்."

இரண்டு மணிக்குச் சங்கமித்ரா எழுந்து பால்கனிக்குப் போனாள். கீழே சம்ப் மூடி மூடியபடி கிடந்தது. சுவருக்குப் பின்னால் முத்தம்மா காலி வாளியோடு நின்று, கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி ஷெட்டுக்குள் போனாள். மேலே நாலைந்து ஜன்னல்களில் ஆட்கள் தெரிந்தார்கள். இன்றைக்கு ஒருத்தரும் தூங்கவில்லை.

அத்தை ஒருத்தி, "பொணத்த வச்சிக்கினு எங்கடி போற?" என்று கேட்டாள். "வந்துடறேன் அத்தே," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். படிக்கட்டுக்கு அடியில் மடக்கி வைத்திருந்த அப்பாவின் நாற்காலியை எடுத்துச் சம்ப்புக்குப் பக்கத்தில் போட்டாள். மூடியைத் திறந்தாள். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லா ஜன்னல்களும் பார்க்க, உட்கார்ந்தாள்.

"முத்தம்மா! ஆத்துப் பங்கு நிக்குது. வா."

குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்கு உரக்க வந்துவிட்டது. முத்தம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால் ராய்ச்சூர்ப் பெண்கள் ஐந்து பேர், கேன்களை மார்போடு அணைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி வந்தார்கள். வாளி இறங்கியது, ஏறியது. அவள் எண்ணினாள். பன்னிரண்டு ஆனதும் எழுந்து மூடியை மூடிவிட்டு மேலே போனாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். முதல் மாடியில் அனந்தபத்மநாபன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் வெளியே வரவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு முத்தம்மா வந்தாள். சிந்தியாவும் வந்தாள், தூரத்தில் தனியாக நின்றாள். பௌத்த சங்கத்திலிருந்து வந்த பெரியவர் குழிக்கு முன்னால் நின்று, எல்லாரும் சேர்ந்து ஐந்து சீலங்களையும் சொல்லச் சொன்னார். மூன்றாவது முடிந்தது. பழக்கத்தில் அவள் காது ஒரு மௌனத்துக்குக் காத்திருந்தது. நாற்பது குரல் நிற்காமல் போயிற்று. "பொய் சொல்லாமல் இருப்பேன்" என்ற இடத்தில் அவள் குரல் மட்டும் தனியாக உயர்ந்தது. நரேஷ் திரும்பிப் பார்த்தான். அப்பாவுக்கும் சேர்த்துச் சொன்னதாக அவள் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து வாசலில் ஆளுக்கு ஒரு செம்பில் கால் கழுவினார்கள். கோலார் வேன் ஏழு மணிக்குக் கிளம்பியது. அன்று ராத்திரி அவள் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஆறேகாலுக்கு டேங்கர் வந்தது. எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கோலையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நேற்றுப் போலவே கேன்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் வழி விட்டார்கள். என்ன சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். சிந்தியா மட்டும், "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

சம்ப்பில் கோலை இறக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அலை அடங்கியது. எழுபத்தாறு. நோட்டில் எழுதிக்கொண்டு பலகைக்குப் போனாள்.

முந்தின இரவு எட்டு மணிக்கு அனந்தபத்மநாபன் வழக்கம்போலப் பலகையைத் துடைத்திருந்தார். 84 இல்லை, 80 இல்லை, 10 இல்லை. ஈரத்துணி போன தடம் காய்ந்து கறுப்பாக இருந்தது. நடுவில் −4 மட்டும் அவள் கையெழுத்திலேயே அப்படியே இருந்தது. அதன் மேல் துணி படாமல், சுற்றி வளைத்துத் துடைத்திருந்தார். அதற்கு மேலே ஓர் எண் எழுத இடம் இருந்தது.

சாக்பீஸை எடுத்து 76 என்று எழுதினாள்.